நீ அழுத்திய ‘ரிலீவ்’

எதிர்வீட்டு இரும்பு கேட்டுக்கு நீலப் பெயிண்ட் அடிக்கிறார்கள். நான் வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். ராயபுரத்தில் மீன் வாடையைத் தாண்டி இன்னொரு வாடை மூக்கில் ஏறுவது லேசில்லை. இந்த எனாமல் வாடை ஏறிவிட்டது. வெயிலில் சூடான இரும்பின் மேல் பெயிண்ட் காய்கிற வாடை. கை அப்படியே நின்றுவிட்டது. எரிச்சலாக வந்தது எனக்கு. உன்னை நினைக்க வேண்டும் என்று நான் இன்றைக்கு உட்காரவே இல்லை, மதியக் குழம்புக்கு நேரமாகிவிட்டதே என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நீ என்றைக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய்? பத்து வயசில் எங்கள் வீட்டுக் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வருவாயே, அதே மாதிரி வந்துவிட்டாய். "இன்னாமே ஸ்டெல்லா, கொயம்பா?" என்று நீ கேட்டது காதில் விழுந்தது. மீனை மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். குழம்பு நாசமாய்ப் போகட்டும்.

டிரம் கம்பெனியில் உன் இடம் இந்த வாடைக்கு நடுவில்தான் இருந்தது. எண்ணூர் ரோட்டில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற அந்தப் புழுதியில், எண்ணெய்க்கும் தாருக்கும் இரும்பு டிரம் செய்கிற கம்பெனி. சங்கிலியில் தொங்கிக்கொண்டு டிரம்கள் பெயிண்ட் ரூமிலிருந்து ஓவனுக்குள் போகும், மறுபக்கம் காய்ந்து வெளியே வரும். ஓவன் முன்னால் ஒரு ஆள் நின்றே ஆகவேண்டும். சங்கிலி மாட்டிக்கொண்டாலோ சூடு எகிறினாலோ அவன்தான் நிறுத்தவேண்டும். அதனால் அங்கே ஒரு சட்டம் உண்டு. அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து நிற்காமல் முந்தின ஆள் நகரக்கூடாது. அப்படி வந்து நிற்கிறவனுக்கு ரிலீவர் என்று பேர். உன் ரிலீவர் பலராமன். மீஞ்சூரிலிருந்து ரயிலில் வருகிறவன். ரயில் எங்காவது நின்றுவிட்டால் நீ ஓவன் முன்னாலேயே நின்றுகொண்டிருப்பாய். கடைசியில் அவன் ஓடிவந்து உன் கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு "ரிலீவ்" என்பான். நீயும் "ரிலீவ்" என்பாய். அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வராமல் நீ ஒரு நாளும் அந்த இடத்தைவிட்டு நகர்ந்ததில்லை.

நம் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் அதுதான். வேலை முடிந்தது, ஒழுங்காக ஒப்படைத்துவிட்டேன், வீட்டுக்குப் போகிறேன். எண்ணூர் பஸ்ஸில் ஒருத்தனை ஒருத்தன் பார்த்தால் "ரிலீவ் ஆயிட்டியா நைனா?" என்றுதான் கேட்பான். உன் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை மூலையில் எறிந்துவிட்டு "நான் ரிலீவ் ஆயிட்டேன்மா" என்பாள், உன் பெண்டாட்டி செல்வி தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள். இன்னொரு வார்த்தை உண்டு, "அவுட்". அது கெட்ட வார்த்தை. ரிலீவர் வராமலே இடத்தைவிட்டுப் போனவனைத்தான் "அவுட் ஆயிட்டான்" என்பார்கள். மறுநாள் அவன் கையில் சார்ஜ் ஷீட் இருக்கும். உனக்குத் தெரியாததை நான் எழுதவில்லை. ஆனால் இதைப் புரியவைக்கத்தானே நாம் அத்தனை பேரிடம் தொண்டை வறளப் பேசினோம். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

கம்ப்யூட்டர் வந்தது ஊரே கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று கூத்தாடிக்கொண்டிருந்த சமயத்தில். புது நூற்றாண்டு பிறந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடைக்காரர்கூட பில் அடிக்க ஒன்று வாங்கி வைத்துவிட்டார். நம் கம்பெனியில் அதை டைம் ஆபீசில், என் மேஜைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் எந்த ஷிஃப்ட் என்று டைப் அடிப்பதுதான் அங்கே என் வேலை. ஒரு மூலையைக் கண்ணாடி வைத்து அடைத்து ஏசி போட்டார்கள். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகவேண்டும். ஆயுத பூஜை வந்ததும் மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. பொரியைக் கீபோர்டு மேலேயே படைத்துவிட்டார்கள். அது இடுக்கில் போய் உட்கார்ந்து ரெண்டு எழுத்து ஒரு வாரத்துக்கு வேலை செய்யவில்லை. "சாமி பொரி துன்னுட்ச்சு, அதான் மந்தமா கீது" என்று நீ சொன்னதற்கு டைம் ஆபீசே சிரித்தது.

ஒரே பெட்டிதான். ஆனால் ஆளுக்கு ஆள் அதில் வேறு ஏதோ தெரிந்தது. நம் ஜி.எம். அதைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். "இனிமே ஹெட் ஆபீஸ்ல உக்காந்துகிட்டே இங்க நடக்கறது எல்லாம் தெரியும். கைல எழுதறது, அடிச்சுத் திருத்தறது, ஒண்ணும் கிடையாது. சிஸ்டம்ல என்ன இருக்கோ அதுதான் உண்மை" என்பார். சூப்பர்வைசர்கள் எதிரில் "ரொம்ப நல்லது சார்" என்றார்கள். வெளியே வந்து, தங்கள் பேனாவுக்கு வேலை போகப்போகிறதே என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். யூனியன் செயலாளர் தனபால் அண்ணன் கேட் மீட்டிங்கில் கத்தினது எனக்கு இன்னும் மறக்கவில்லை. "அது மெஷின் இல்ல தோழர்களே. ஆள எண்றதுக்கு வந்த பொட்டி. இன்னிக்கி எண்ணுவான், நாளைக்கி கழிப்பான். நம்ப ஆளுங்க ஒருத்தரும் அத்த தொடக்கூடாது. அந்தப் பொட்டிய நாம ஏத்துக்கல, அவ்ளோதான்." எனக்கோ அது, பாஷை தெரியாத மாமியார் வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டது போல இருந்தது. என்ன சொன்னால் கோபித்துக்கொள்ளும் என்றே தெரியாது.

நீ மட்டும் வேறு ஒன்றைக் கேட்டாய். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்று கேட்டாய். "ஏன்மே, ரிலீவர் வராம நான் நின்னுகினு இருப்பேன்ல, அந்த நேரத்த இது எய்துமா?"

அது உன் பழைய புண். பலராமன் வரத் தாமதமாகி நீ எவ்வளவு நேரம் நின்றாலும் சூப்பர்வைசர் வழக்கமான நேரத்தையே எழுதுவார். கேட்டால் "நின்னியா? யார் பார்த்தா?" என்பார். நான் "ஓவர்டைம் துட்டுக்காகவா இவ்ளோ கேக்கற?" என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "துட்ட வுடுமே. அந்த சூட்ல நான் நின்னேன்னு ஒருத்தனாவது எய்தணுமா வேணாமா? மனுசன் எய்த மாட்டேன்றான். பொட்டிக்கு இன்னா, அது யாருக்கு மச்சான்?" நான் பெட்டியோடு வந்த சாஃப்ட்வேர்காரரிடம் கேட்டுச் சொன்னேன். எழுதும் என்றார். அன்றைக்கு உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? அந்தக் கம்பெனியிலேயே அந்தப் பெட்டியை ஒரு சாட்சியாக நம்பினவன் நீ ஒருத்தன்தான். மற்றவர்களுக்கு எல்லாம் அதனிடம் பயமோ, ஆசையோ, வேறு கணக்கோ இருந்தது. உனக்குத்தான் நம்பிக்கை இருந்தது. நம்பினவனைத்தான் அது தின்றது.

பயிற்சி அன்றைக்கு ஷாப் ஃப்ளோரிலிருந்து நீ ஒருத்தன்தான் வந்தாய். தனபால் அண்ணன் கேட்டிலேயே உன்னை மறித்து, "பொட்டிய தொடப்போறியா?" என்று கேட்டதையும், "தொட்டா தீட்டா ண்ணா?" என்று நீ நக்கலடித்துவிட்டு வந்ததையும் நீதான் எனக்குச் சொன்னாய். சாஃப்ட்வேர்காரர் அடையாறு பக்கத்து ஆள். சின்னப் பையன், நல்ல பையன்தான். தங்கமாகப் பேசினார். எல்லாத்தையும் இங்கிலீஷிலேயே சொன்னார். "ஷிஃப்ட் முடிஞ்சதும் அவங்கவங்க பேருக்கு நேரா ஸ்டேட்டஸ் அப்டேட் பண்ணணும், அவ்வளவுதான், ஈஸி." என் பேரில் திறந்து வைத்திருந்த திரையில்தான் செய்து காட்டினார். நீ ஐடிஐ படித்தவன், எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவாய்.

ஷிஃப்ட் முடிந்ததும் நீயே வந்தாய். பலராமன் அன்றைக்கும் லேட். நெற்றியில் உப்புப் பூத்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, கையை லுங்கியில் துடைத்துவிட்டு, திரையில் உன் பேரைக் கண்டுபிடித்தாய். பக்கத்தில் சொடுக்கினதும் வார்த்தைகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக விழுந்தன. ஆக்டிவ், லீவ், ஏதேதோ, அப்புறம் அவுட், அதற்குக் கீழே ரிலீவ்டு. நான் இன்னொரு பக்கம் ஆட்களுக்குக் கார்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். "அவுட்டு இல்லமே, நான் என்னிக்கி அவுட் ஆனேன்?" என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னது காதில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தபோது நீ அழுத்தி முடித்திருந்தாய். "ரிலீவ்" என்று கம்ப்யூட்டரைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னாய். அதுவும் திருப்பிச் சொல்லும் என்று காத்திருந்த மாதிரி ஒரு நொடி நின்றாய். அப்புறம் வீட்டுக்குப் போனாய்.

சாஃப்ட்வேர்காரர் நினைத்தது அவுட்டை. கேட்டை விட்டு வெளியே போனால் அவுட், அவ்வளவுதான் அவருக்கு. ரிலீவ்டு என்றால் வேலையை விட்டே போய்விட்ட ஆள். படித்தவர்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் அது. நாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்று அவரை யாரும் கேட்கச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் உன் பேர் திரையில் இல்லை. நான் பார்த்ததும் ஓடினேன், அந்த ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு மூச்சு வாங்குகிறது. பர்சனல் ஆபீசரிடம் சொன்னேன். அவர் சாஃப்ட்வேர்காரரைக் கூப்பிட்டார். சாஃப்ட்வேர்காரர் தலையைச் சொறிந்தார். "ரிலீவ்டு போட்டா திருப்ப முடியாது மேடம். யாரும் பின்னாடி வந்து தில்லுமுல்லு பண்ணக்கூடாதுன்னு அப்படி வெச்சிருக்கோம். ஜி.எம். சார்தான் அப்படிக் கேட்டாரு. ரீஜாயின் போடலாம், புது ஆளா." புது நம்பர், புதிதாகச் சேர்ந்த தேதி. நீயோ அந்த ஓவன் முன்னால் பதினாறு வருஷமாக நிற்கிறாய்.

இதில் எந்த ரகசியமும் இல்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். தெரியாமல் நடந்த ஒன்றை யாரோ கண்டுபிடிக்கவேண்டிய கதையே இல்லை இது. பர்சனல் ஆபீசருக்குத் தெரியும், ஜி.எம்.முக்குத் தெரியும், யூனியனுக்குத் தெரியும், கேன்டீனில் டீ ஆற்றுகிறவருக்குத் தெரியும். நீ அவர்கள் முன்னாலேயே நிற்கிறாய். பர்சனல் ஆபீசர் உன் தோளில் கையே போட்டார். "இது சும்மா கம்ப்யூட்டருக்குய்யா. உன் சர்வீஸ் எங்க போயிடும்? நான் இருக்கேன்ல? சம்பளம் வரணும்னா சிஸ்டம்ல பேர் இருக்கணும், ரீஜாயின் போட்டுடலாம். மனசுல வெச்சுக்காத."

நீ உடனே ஒத்துக்கொள்ளவில்லை. தனபால் அண்ணனிடம் போனாய். நானும் கூட வந்தேன், யூனியன் ஆபீஸ் மாடிப்படியில் நாம் நின்றதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கும். "ண்ணா, ஒரு லெட்டர் குடு ண்ணா. என் சர்வீஸ் பழயபடி வரணும்னு." அவர் சொன்னார். "அந்தப் பொட்டிய நாம ஏத்துக்கவே இல்லியே தம்பி. ஏத்துக்காத பொட்டில உன் பேரு பூட்ச்சுன்னு நான் எப்டி லெட்டர் எய்துவேன்? எய்தினா அத்த நாம ஒத்துகின மாதிரி ஆயிடும்ல? அதான் தொடாதன்னு சொன்னோம். உன்ன யாரு தொடச் சொன்னா?"

நான்தான் வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டேன். "நீங்க ஏத்துக்கலன்னா அது இல்லாம பூடுமா ண்ணா? அதோ ஏசி போட்டு குந்தினு கீது, போய்ப் பாருங்க" என்றேன். அவர் என்னை முறைத்தாரே தவிர லெட்டர் கொடுக்கவில்லை. கீழே இறங்கும்போது நீ சொன்னாய், "வுடுமே. இவுருக்கு அது இல்லவே இல்ல. அவுங்களுக்கு அது மட்டும்தான் கீது. நான் நடுவுல கீறேன்."

சம்பளம் வரவேண்டுமே. ரீஜாயினுக்குக் கையெழுத்துப் போட்டாய்.

அப்புறம் ரெண்டு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. நீ நின்ற நேரத்தைப் பெட்டி எழுதவும் இல்லை. அதற்கு இன்னொரு ஸ்கிரீன் வேண்டுமாம், அதை ஹெட் ஆபீஸ் வாங்கவில்லையாம். அதைக் கேட்டு நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். மகளைச் சேர்த்துவிட்ட பள்ளிக்கூடம், திருவொற்றியூர் வீட்டுக்குத் தளம் போட்டது, இதைத்தான் பேசுவாய்.

பிறகு பிளாஸ்டிக் பீப்பாய் வந்தது. இரும்பு டிரம் கேட்கிறவர்கள் குறைந்தார்கள். ஆள் குறைப்பு என்று பேச்சு கிளம்பியது. கடைசியாகச் சேர்ந்தவன் முதலில் போகவேண்டும், அதுதான் முறை. கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினார்கள். பிரிண்டர் கர்கர் என்று இழுத்து, சேர்ந்த தேதிப்படி பேர்களைத் துப்பியது. எனக்கு முன்னால்தான் வந்து விழுந்தது. நேற்று சேர்ந்த பையன்களுக்கு நடுவில் உன் பேர்.

உன் தோளில் கை போட்ட பர்சனல் ஆபீசர் அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார். புதுசாக வந்தவர் உன்னை முதல் தடவையாகப் பார்க்கிறார். "நீங்க சொல்றது நியாயமா இருக்கலாம். ஆனா சிஸ்டம்ல இப்படித்தானே இருக்கு" என்றார். ஜி.எம். கொஞ்சம் வருத்தப்பட்டார் என்றுதான் சொல்லவேண்டும். "உனக்கு ஒண்ண கைல திருத்தினா நாளைக்கு நூறு பேர் வந்து நிப்பாங்க. கை படக்கூடாதுன்னுதானேப்பா இத வாங்கினோம்?" அவர் அதை நிஜமாகவே நம்பினார். கெட்ட ஆளாக இருந்திருந்தால் காறித் துப்பிவிட்டாவது வந்திருக்கலாம்.

மறுபடி யூனியன் மாடிப்படி. இந்தத் தடவை தனபால் அண்ணன் அந்தப் பட்டியலைக் கையிலேயே வைத்திருந்தார். பெட்டியை ஏற்றுக்கொள்ளாதவர் அந்தப் பெட்டி துப்பின காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். "கம்பெனி இத்தினி பேருன்னு முடிவு பண்ட்டான் தம்பி. கொறைக்க சொல்லி பார்த்தோம், மசியல. லிஸ்ட்டுல கை வெச்சா உன்ன மேல தூக்கலாம். ஆனா தூக்கினா அந்த எடத்துக்கு இன்னொருத்தன் வரணுமே. யார் வருவான் தெரியுமா? உன் ரிலீவர் வருவான்." பலராமனுக்குப் பின்னால் சேர்ந்த சின்ன வயசுக்காரர்கள் எல்லாம் ஏற்கனவே பட்டியலில் இருந்தார்கள். அடுத்து அவன்தான். "இன்னா சொல்ற? சொல்லு, அவன் பேர நானே போடறேன்" என்றார் தனபால் அண்ணன். உன்னையே சொல்லவைக்கப் பார்த்தார். பலராமனுக்கு மூன்றும் பெண் பிள்ளைகள். அவன் தகப்பனுக்குக் கண் தெரியாது. நீ அவன் பேரைச் சொல்லாமலே படியிறங்கினாய்.

கடைசி நாள் பலராமன் நேரத்துக்கு வந்துவிட்டான். அந்த வருஷம் முழுக்க லேட்டாக வந்தவன் அன்றைக்குப் பார்த்து நேரத்துக்கு வந்து நின்றான். கையுறையை வாங்கிக்கொண்டான். வாயே திறக்கவில்லையாம். நீயும் அவன் சொல்கிறவரை நகரவில்லையாம். சங்கிலியில் டிரம்கள் பாட்டுக்கு ஓவனுக்குள் போய்க்கொண்டே இருந்தன என்று பலராமன் பிற்பாடு என்னிடம் அழுதான். கடைசியில் நீதான், "சொல்லுடா, பஸ்ஸு பூடும்" என்றாயாம்.

நீ லேபர் கோர்ட்டில் கேஸ் போட்டாய். வக்கீல் கெட்டிக்காரர். எல்லாத்தையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு கம்ப்யூட்டர் உங்க பேர்லதானே திறந்திருந்துச்சு? அப்ப ஒரே வழிதான். நீங்கதான் தப்பா அழுத்தினீங்கன்னு சொல்லிடுங்க. ஆபீஸ்காரங்க அழுத்தினா அது கம்பெனியோட தப்பு, கம்பெனிதான் திருத்தணும். அவரே அழுத்தினாருன்னா, அவரே விட்டுட்டுப் போனாரு, அவரே திரும்பச் சேந்தாருன்னுதான் எடுத்துப்பாங்க."

நான் யோசிக்கவே இல்லை. "சொல்றேன் சார்" என்றேன். நிஜமாகவே யோசிக்கவில்லைடா. என் வேலை போகும் என்று தெரியும். என் வீட்டுக்காரருக்கு ஹார்பரில் கால் நசுங்கி, அவர் வீட்டோடு உட்கார்ந்திருந்த காலம் அது. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. இருந்தாலும் சொல்கிறேன் என்றேன். வெளியே டீக்கடையில் நீ என் மேல் அப்படி எரிந்து விழுந்தாய். டீ கிளாஸை ணங்கென்று வைத்தாய். "உன் வூட்டு அடுப்புல தண்ணி ஊத்திட்டு என் வூட்ல சோறாக்கணுமா? போமே. நான் நெஜத்த சொல்றேன். எனுக்குத் தெரியும் நான் ஏன் அழுத்தினேன்னு. சொன்னா புரியாதா?"

"புரியாதுடா. இத்தன நாள் யாருக்குப் புரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"படிச்ச ஆபீசரு. புரியும்" என்றாய்.

விசாரணை அன்றைக்கு என் பேரைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே நீ எழுந்து நின்றுவிட்டாய். வெள்ளைச் சட்டை, செல்வி இஸ்திரி போட்டுக் கொடுத்தது. "அழுத்தினது நான்தான் சார்." அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். "ரிலீவ்டு என்றால் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்று அர்த்தம். உங்களுக்கு வாசிக்கத் தெரியும், இல்லையா?" தெரியும் என்றாய். "சார், எங்க பக்கத்துல ரிலீவ்னா வேற சார். ரிலீவர் வந்துட்டான், எடத்த ஒழுங்கா ஒப்படைச்சுட்டு வூட்டுக்குப் போறேன்னு சார். அவுட்டுன்றதுதான் சார் தப்பு. நான் நல்லதாப் பார்த்துதான் சார் அழுத்தினேன்." கம்பெனி வக்கீல் சிரித்தார். பின்னால் யாரோ கூடச் சேர்ந்து சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் அவர் தலையைக் குனிந்து என்னவோ எழுதினார், அதில் நீ சொன்ன அர்த்தம் இல்லை. தானே அழுத்தியதாக ஒப்புக்கொண்டார் என்று மட்டும் இருந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நீ திரும்பி என்னைத்தான் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் என்ன செய்வது, சொல்லு.

கேஸ் போயிற்று. நீ கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன் ஆனாய். மகள் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வண்ணாரப்பேட்டையில் துணிக்கடையில் நின்றாள். நீ யாரோடும் சண்டை போடவில்லை. தனபால் அண்ணனைப் பார்த்தால் "வணக்கம் ண்ணா" என்றாய். எனக்கு அதுதான் தாங்கவில்லை. நீ கத்துவாய், கல்லெடுத்து எறிவாய் என்று காத்திருந்தேன். நீ கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சையே குறைத்துக்கொண்டாய். முன்னெல்லாம் வாயை மூடு மூடு என்று உன்னை எத்தனை தடவை அதட்டியிருக்கிறேன்.

நீ காப்பாற்றிக் கொடுத்த என் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கம்பெனியையே சீக்கிரம் மூடிவிட்டார்கள். பலராமன், நான், அந்தச் சூப்பர்வைசர்கள், ஜி.எம். எல்லாரும் ஒரே நாளில் வெளியே வந்தோம். கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரன் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனான். எந்த அடுப்புக்காக நீ அன்றைக்கு எழுந்து நின்றாயோ அந்த அடுப்பும் அணைந்துதான் போயிற்று. நான் எப்படியோ ஏற்றிக்கொண்டேன். அது வேறு கதை.

உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பெரியாஸ்பத்திரியில் படுக்கவைத்திருந்தார்கள். பார்வையாளர் நேரம், பகல். செல்வி மருந்து வாங்கப் போயிருந்தாள். நான் உனக்குச் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். நீ மேலே சுற்றுகிற காத்தாடியையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் என் பக்கம் திரும்பினாய்.

"அன்னிக்கி நீ சொல்றேன்னு சொன்னல்ல?"

"என்னத்தடா?"

"நீ அழுத்தினேன்னு." மூச்சு வாங்கிக்கொண்டாய். "சொல்ல வுட்டுருக்கலாம்மே."

உரித்த சுளையை உன் வாயில் வைத்தேன். நீ அதைச் சப்பிவிட்டு, புளிக்குது என்றாய். செல்வி வந்துவிட்டாள். அதற்கப்புறம் நீ வேறு எதுவும் பெரிசாகப் பேசவில்லை. அந்த வாரமே போய்விட்டாய்.

செல்வியிடம் இதை நான் சொன்னதில்லை. உன் மகளிடமும் சொன்னதில்லை. அவளுக்கு நீ விசாரணையில் எழுந்து நின்று உண்மையைச் சொன்ன அப்பா. தன் பிள்ளைகளிடம் அப்படித்தான் சொல்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறேன். நீ கடைசியில் அதற்காக வருத்தப்பட்டாய் என்று எப்படிச் சொல்வேன்? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முட்டி போட்டால் எனக்காக ஒன்றும் கேட்கத் தோன்றுவதில்லை. அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலும் அந்த ஒரு வார்த்தையும்தான் வருகிறது. மாதாவிடம்கூட நான் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. சுளையை வாயில் வைத்து உன் பேச்சை அடைத்துவிட்டேன். நீ கேட்டதற்கு இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

வுட்டுருக்கலாம்டா. என் வேலை எப்படியும் போகத்தான் போச்சு. அந்தச் சிரிப்ப நீ கேட்டிருக்க மாட்டே, நீ இருந்திருப்பே.